ஜெயித்தவர் ஒருவர், கோப்பையை வாங்கியவர் வேறு ஒருவர்!

அமெரிக்காவில் கார் பந்தயத்தில் முதலாவதாக வந்த டிரைவரை விட்டுவிட்டு, பின்னால் வந்தவர் கையில் கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜெயித்தவர் கறுப்பர். அவர் குடும்பத்துக்குக் கோப்பை வந்து சேர ஏறக்குறைய 58 வருஷம் ஆயிற்று. அதற்குள் அவர் செத்து 30 வருஷம் கடந்துவிட்டது.

அவர் பெயர் வெண்டல் ஸ்காட். அவருடைய கதை வருமாறு:-

சாராயக் கார்

ஸ்காட் 1921-ல் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள டான்வில் ஊரில் பிறந்தார். டாக்சி ஓட்டினார். 2-வது உலகப்போரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப் வேலை. ராத்திரியில் வேறு வேலை. கள்ளச்சாராயக் கடத்தல்!

வெளியே பார்த்தால் சாதாரண கார். உள்ளே என்ஜினுக்கு வேகம் ஏற்றியிருப்பார்கள். போலீசார் துரத்தினால் புழுதிதான் மிஞ்சும். 1949-ல் ஸ்காட் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். ஜெயில் இல்லை. 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கச் சொன்னார்கள்.

கடையில் விற்கிற மாதிரிக் காரையே வேகமாக்கி ஓட்டுவதுதான் 'ஸ்டாக் கார்' பந்தயம். அதன் பழைய சூரர்கள் பலர் இப்படிச் சாராயம் கடத்திப் பழகியவர்கள். ஜூனியர் ஜான்சன் என்ற வெள்ளைக்காரர் சாராய வழக்கில் ஜெயிலுக்கே போய் வந்தவர். மொத்தம் 50 பந்தயங்களில் ஜெயித்தார். 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஸ்காட்டுக்கு அந்த யோகம் இல்லை.

போலீஸ் காட்டிய ஆள்

1952-ல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்களுக்கு ஒரு யோசனை. கறுப்பர் ஒருவரை ஓட விட்டால் கூட்டம் சேரும், டிக்கெட் விற்கும். வேகமாகக் கார் ஓட்டும் கறுப்பர் யார் என்று போலீசாரிடமே விசாரித்தார்கள். போலீசார் ஸ்காட்டைக் கைகாட்டினார்கள். துரத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

ஸ்காட் களத்தில் இறங்கியதும் வெள்ளைக்காரர்கள் சிலர் கூச்சல் போட்டார்கள். சில ஊர்களில் அவரை ஓட்டவே விடவில்லை. அவர் விடவில்லை. 1961-ல் 'நாஸ்கார்' அமைப்பின் பெரிய பந்தயங்களுக்கு வந்துவிட்டார். பெரிய கம்பெனிப் பணம் கிடையாது. பழைய கார். அவரே மெக்கானிக். ஒத்தாசைக்குச் சொந்தப் பிள்ளைகள்.

202 சுற்று

1963 டிசம்பர் 1-ந்தேதி. புளோரிடா மாநிலம், ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. 25 சுற்று பாக்கி இருக்கும்போது பெயர்பெற்ற டிரைவர் ரிச்சர்டு பெட்டியை ஸ்காட் முந்தினார். 200 முடித்தார். ஆனால் கட்டம் போட்ட கொடியைக் காட்டவில்லை! இன்னும் 2 சுற்று ஓட்டினார். கொடி காட்டியது பக் பேக்கர் என்ற வெள்ளைக்காரருக்கு.

ஸ்காட் ஆட்சேபித்தார். சில மணி நேரம் கணக்குப் பார்த்து, "ஜெயித்தது ஸ்காட்தான், எண்ணியதில் தவறு" என்றார்கள். அப்போது கூட்டம் கலைந்துவிட்டது. கோப்பையோடு பேக்கரும் போய்விட்டார்.

கறுப்பர் மேடை ஏறினால் கோப்பை கொடுக்கும் வெள்ளைக்கார அழகி அவருக்கு முத்தம் தர வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்கத்தான் இந்த நாடகம் என்பது ஸ்காட்டின் எண்ணம். ஒரு சுற்று விட்டுப்போகலாம், இரண்டு சுற்றா? பரிசுப் பணம் வந்தது. பிறகு ஒரு மரக்கட்டைக் கோப்பையை மட்டும் கையில் கொடுத்தார்கள்.

விபத்து

1973-ல் டல்லடேகா பந்தயத்தில் கார்கள் ஒன்றோடொன்று மோதின. ஸ்காட்டுக்கு இடுப்பு எலும்பும் விலா எலும்பும் முறிந்தன. கடன் வாங்கி வாங்கிய கார் நொறுங்கியது. அதே வருஷம் இன்னொரு பந்தயம் ஓட்டினார். அதோடு சரி. மொத்தம் 495 பந்தயம், ஒரே ஒரு வெற்றி.

1977-ல் இவர் கதை சினிமாவாகவும் வந்தது. ரிச்சர்டு பிரையர் நடித்தார். 1990 டிசம்பரில் ஸ்காட் இறந்தார். வயது 69. 2015-ல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் பெயர் சேர்த்தார்கள்.

கோப்பை அப்போதும் வரவில்லை. 2021 ஆகஸ்டில் டேடோனா மைதானத்தில், பந்தயத்துக்கு முன்பு, அவருடைய குடும்பத்தாரை அழைத்து, அந்தக் கோப்பையைப் போலவே செய்த ஒன்றைக் கொடுத்தார்கள். அசல் கோப்பை அல்ல.