கையிருப்பு வேறு, லாபம் வேறு

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விற்பனை 3,000 ரிங்கிட். மாவு, எண்ணெய், எரிவாயு, டப்பா எல்லாம் சேர்த்துச் செலவு 2,200 ரிங்கிட். அதில் 900 ரிங்கிட் மளிகைக் கடைக்குப் பாக்கி. கையில் இப்போது 1,700 ரிங்கிட் இருக்கும். ஆனால் லாபம் 800 ரிங்கிட்தான். கையிருப்பு முழுவதையும் லாபமென்று நம்பிச் செலவழித்தால், கடைக்காரர் பாக்கி கேட்கும் நாளில் கடன் வாங்க நேரிடும்.

இந்த வேறுபாட்டைப் புரியவைப்பதே அடிப்படைக் கணக்கியல். இன்று கல்லூரிகள் இதை இணையம்வழி நடத்துவதால், பகலில் வேலை பார்ப்பவர்களும் இரவில் படிக்கலாம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பற்று, வரவு என இரண்டு பதிவுகள். அங்கிருந்து பேரேடு, பிறகு லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சியோலி நூலில் விளக்கி வெளியிட்ட அதே முறைதான். கூட்டல் கழித்தலும் பொறுமையும் இருந்தால் போதும்.

சான்றிதழைக் காட்டி வேலை தேடும் எண்ணம் இருந்தால், படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். சொந்தத் தொழிலுக்கென்றால், பயிற்சிக் கணக்குகளைத் திருத்தித் தரும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். காணொளி பார்ப்பதால் மட்டும் கணக்கு வராது.

மலேசியாவில் தொழில் செய்பவர் கணக்குப் பதிவுகளையும் ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். பிஸ்கட் டின்னில் கிடக்கும் ரசீதுகளையே முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.