நெடுஞ்சாலைத் தீர்ப்பும் கோவாவின் பழைய தாவெர்னாக்களும்

புது தில்லி: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டர் தொலைவுக்குள் மதுக்கடைகள் இயங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் வேர் தமிழ்நாட்டில் இருந்தது. பாமகவைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்குதான் மேல்முறையீடாகத் தில்லிக்கு வந்தது. 2017 ஏப்ரல் 1-ல் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டதையும், அவற்றைக் குடியிருப்புப் பகுதிகளுக்குள் மாற்ற முயன்றபோது பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியதையும் தமிழக வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே தீர்ப்பு மேற்குக் கடற்கரையில் உள்ள கோவாவில் வேறொரு கேள்வியை எழுப்பியது. அங்கு பூட்டப்பட்டவற்றில் நெடுஞ்சாலைப் பயணிகளை நம்பி முளைத்த கடைகள் மட்டும் இல்லை, நெடுஞ்சாலை வருவதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் மாலையில் கூடிப் பேசும் இடங்களாக இருந்த "தாவெர்னா' எனப்படும் சிறிய மதுக்கூடங்களும் இருந்தன. சாலையைத் தேடிப் போன கடையையும், சாலையே தேடி வந்த கடையையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா என்ற கேள்விக்கு இன்றளவும் தெளிவான விடை இல்லை.

வீட்டின் முன்னறையே கடை

"தாவெர்னா' என்பது போர்ச்சுகீசியச் சொல். 1510 முதல் 1961 வரை, 451 ஆண்டுகள் நீடித்த போர்ச்சுகீசிய ஆட்சி விட்டுச்சென்ற பெயர்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான் கடை. உள்ளே சில மர பெஞ்சுகள், ஒரு நீள மேஜை, சுவரோரம் கண்ணாடி அலமாரி, பெரிய வயிறு கொண்ட கண்ணாடிக் குடுவைகளில் ஃபெனி. கிறிஸ்தவக் குடும்பமானால் சுவரில் மாதா படமும் அதன் கீழ் எரியும் சிறு விளக்கும் இருக்கும். பல கடைகளில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் வீட்டின் பெண்மணியாகவே இருப்பார்.

தொட்டுக்கொள்ள அவித்த முட்டை, கொண்டைக்கடலை, பொரித்த மீன் என ஒரு சில கிடைக்கும். மதிய உணவுக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு மாலையில் திறப்பது பழைய வழக்கம். வருபவர்கள் மீனவர், கள் இறக்குபவர், தச்சர், ஓய்வுபெற்ற எழுத்தர் என அக்கம்பக்கத்தினர். நடந்து வந்து, ஓரிரு கோப்பை அருந்தி, ஊர் வழக்குகளையும் கால்பந்தையும் பஞ்சாயத்துத் தேர்தலையும் பேசிவிட்டு நடந்தே வீடு திரும்புவார்கள். கோவாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் மரியோ மிராண்டா (1926-2011) வரைந்த கிராமக் காட்சிகளில் இந்தத் தாவெர்னாக்களும் அவற்றின் மனிதர்களும் இடம்பெற்றுள்ளனர்.

தலைநகர் பணஜியின் பழைய போர்ச்சுகீசியக் குடியிருப்பான ஃபோன்டைன்யாஸ் பகுதியில், சிலர் நுழைந்தாலே நிரம்பிவிடும் சிறு மதுக்கூடங்கள் இன்றும் உள்ளன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைத் தேடிச் செல்கின்றனர். ஆனால், பயணக் கையேடுகளில் இடம்பெறாத கிராமத் தாவெர்னாக்களே இந்த மரபின் உண்மையான முகம்.

மரத்தடியிலிருந்து குடுவை வரை

தாவெர்னாவின் பொருளாதாரம் முந்திரித் தோப்பில் தொடங்குகிறது. பிரேசிலிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மரம் அது. அதற்கு முன்பே தென்னங்கள்ளும், அதிலிருந்து வடித்த சாராயமும் கோவாவில் இருந்தன. தென்னை ஃபெனி இப்போதும் தெற்கு கோவாவில் கிடைக்கிறது.

மார்ச் முதல் மே வரை முந்திரிப் பருவம். ஃபெனிக்கான பழத்தை மரத்திலிருந்து பறிப்பதில்லை. கனிந்து தானாக விழுவதையே பொறுக்குகின்றனர். கொட்டையைத் திருகி எடுத்த பின், பாறையில் குடைந்த தொட்டியில் இட்டுக் காலால் மிதித்துச் சாறு எடுப்பது பழைய முறை. இப்போது பல இடங்களில் இயந்திரங்கள் வந்துவிட்டன. சாற்றைச் சில நாள்கள் புளிக்கவைத்து, "பட்டி' எனப்படும் வடிசாலையில் காய்ச்சுகின்றனர். முதல் வடிப்பில் கிடைப்பது உர்ராக். இது மென்மையானது, நெடுநாள் வைத்திருக்க முடியாது, கோடைக்காலத்தில் மட்டுமே கிடைக்கும். மீண்டும் வடித்தால் கிடைப்பது ஃபெனி. அதில் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ 42 சதவீதம்.

தோப்புப் பகுதிகளை கலால் துறை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் பழம் சேகரித்து வடிக்கிறார். வடித்ததில் பெரும்பகுதி அருகிலுள்ள தாவெர்னாக்களுக்கும் வீடுகளுக்கும் செல்கிறது. பெரிய நிறுவனங்களின் புட்டியில் அடைக்கப்படுவது மட்டும் ஃபெனி அல்ல. எனவே ஒரு கிராமத் தாவெர்னா மூடப்பட்டால், பழம் பொறுக்கும் குடும்பங்கள் வரை அந்தப் பாதிப்பு சென்று சேர்கிறது.

தீர்ப்பின் நியாயம்

இவை ஒருபுறம் இருக்க, உச்ச நீதிமன்றத்தின் கவலையைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. 2015-ல் மட்டும் நாட்டில் 5,01,423 சாலை விபத்துகள் நிகழ்ந்தன; 1,46,133 பேர் உயிரிழந்தனர். மது அருந்தி வாகனம் ஓட்டியதால் உயிரிழந்தவர்கள் என்று அரசு கணக்குக் காட்டியது 6,755 பேரை. உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இந்த வழக்கில் இணைந்திருந்த சண்டீகரைச் சேர்ந்த ஹர்மான் சிங் சித்து, 1996-ல் நேர்ந்த சாலை விபத்தில் நடக்கும் திறனை இழந்தவர். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளுக்கு எதிராக அவர் நடத்திய சட்டப் போராட்டத்துக்குப் பின்னால் இருப்பது வெறும் ஒழுக்கப் பிரசாரம் அல்ல.

நெடுஞ்சாலையில் மதுக்கடை கண்ணில் படக் கூடாது, சாலையிலிருந்து நேரடியாக அணுகும் வகையில் இருக்கக் கூடாது, 500 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பவை தீர்ப்பின் முக்கிய நிபந்தனைகள். 2017 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய விளக்கத்தில், சில்லறைக் கடைகளுக்கு மட்டுமின்றி மதுக்கூடங்கள், உணவகங்கள், விடுதிகளுக்கும் இது பொருந்தும் என்று தெளிவுபடுத்தப்பட்டது. அதே உத்தரவில், 20,000 அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளில் தொலைவு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சிக்கிம், மேகாலயம் ஆகிய மலை மாநிலங்களுக்குத் தொலைவு நிபந்தனையிலிருந்து விலக்கும் கிடைத்தது.

குறுகிய நிலம், நீண்ட சாலை

கோவாவின் மொத்தப் பரப்பு 3,702 சதுர கிலோ மீட்டர். பன்வேலில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66, அந்தச் சிறிய மாநிலத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கீறிச் செல்கிறது. மாபுசா, பணஜி, மட்காவ், காணகோண் என முக்கிய ஊர்கள் பலவும் அதன் போக்கிலேயே அமைந்துள்ளன. கடலுக்கும் மலைக்கும் இடையில் ஒடுங்கிய நிலத்தில், சாலையிலிருந்து அரை கிலோ மீட்டர் விலகினால் பல இடங்களில் வயலோ ஆறோ அடுத்த ஊரோ வந்துவிடும். இதனால் கோவாவில் ஏறத்தாழ மூவாயிரம் மது உரிமங்கள் தீர்ப்பின் வரம்புக்குள் வருவதாக முதலில் கணக்கிடப்பட்டது.

கோவா இந்தியாவுடன் இணைந்தது 1961 டிசம்பர் 19-ல். அதற்கு முன் அங்குள்ள எந்தச் சாலையும் இந்தியத் தேசிய நெடுஞ்சாலையாக இருந்திருக்க முடியாது. அப்படியானால், அதற்கு முன்பே இயங்கிவந்த தாவெர்னாக்கள் நெடுஞ்சாலைப் பயணிகளைக் குறிவைத்துத் திறக்கப்பட்டவை என்ற வாதத்துக்கு இடமே இல்லை. அவை ஊர்த் தெருவில் இருந்தன; தெரு பின்னர் நெடுஞ்சாலை ஆனது.

மறுபக்கத்தில், கோவாவின் எல்லைப் பகுதிகளில் வேறு வகைக் கடைகள் உண்டு. அண்டை மாநிலங்களான மகாராஷ்டிரம், கர்நாடகத்தைவிட கோவாவில் மதுவுக்கு வரி குறைவு. அதனால் எல்லை கடக்கும் வாகனங்களை நிறுத்தவைக்கும் கடைகள் சாலையோரம் வரிசையாக எழுந்தன. கேரளத்தால் சூழப்பட்ட, புதுச்சேரிக்கு உரிய மாஹேயிலும் இதே கதைதான். தீர்ப்பு தடுக்க நினைத்தது இத்தகைய கடைகளைத்தான். ஆனால் மீட்டர் கணக்கு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

நகரத்துக்கு முதலில் விடுதலை

தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் வழிகளும் விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டன. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு மதுக்கூடம், வாசலுக்கு முன் வளைந்து வளைந்து செல்லும் சுவர்ப் பாதை ஒன்றைக் கட்டி நடைதூரத்தை 500 மீட்டருக்கு மேல் உயர்த்தியது. நடந்து செல்லும் தூரமே கணக்கு என்றனர் கலால் அதிகாரிகள். சண்டீகர் நிர்வாகம் நகருக்குள் செல்லும் மாநில நெடுஞ்சாலைகளை மாவட்டச் சாலைகள் என்று பெயர் மாற்றியது. வேறு சில மாநிலங்களும் அதே வழியைப் பின்பற்றின.

சண்டீகரின் பெயர் மாற்றம் வழக்காக வந்தபோது, 2017 ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றம் மற்றொரு விளக்கம் அளித்தது. நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்று இயங்கும் இடங்களுக்கு 2016 டிசம்பர் தீர்ப்பு தடை ஆகாது என்பதே அது. பெருநகரங்களின் நட்சத்திர விடுதிகள் நிம்மதி அடைந்தன. ஆனால் பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்த கடைகளுக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. பஞ்சாயத்துப் பகுதிகளிலும் விலக்கு அளிக்கலாமா என்பதை, வளர்ச்சி நிலையைக் கருத்தில் கொண்டு மாநில அரசுகளே முடிவு செய்யலாம் என்ற உத்தரவு 2018 பிப்ரவரி 23-ல்தான் வந்தது.

கோவாவுக்கு இந்த இடைவெளி ஒரு முரண்பாடாக அமைந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாநில மக்களில் 62 சதவீதத்தினர் நகர்ப்புறவாசிகள். மாநிலங்களிடையே அதுவே மிக உயர்ந்த விகிதம். ஆனால் அவ்வாறு நகரம் என்று கணக்கிடப்பட்ட ஊர்களில் பல, நிர்வாகத்தில் இன்னமும் கிராமப் பஞ்சாயத்துகளே. கணக்கெடுப்பில் நகரமாகவும் மதுச் சட்டத்தில் கிராமமாகவும் இருந்த அந்த ஊர்களின் சிறு கடைக்காரர்கள், நகரத்துப் பெரிய விடுதிகளைவிட ஏழு மாதங்களுக்கும் மேலாகக் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது. ஒரு நட்சத்திர விடுதியால் அந்தக் காலத்தை அறை வாடகையிலும் உணவிலும் கடந்துவிட முடியும். ஒற்றை அறைத் தாவெர்னாவால் முடியாது.

பாரம்பரியம் பானத்துக்கு மட்டுமா?

ஃபெனிக்கு அங்கீகாரம் குறைவு இல்லை. 2009-ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-ல் கோவா அரசு கலால் சட்டத்தைத் திருத்தி, அதுவரை நாட்டுச் சாராயம் என்ற பிரிவில் அடைபட்டிருந்த ஃபெனியை "கோவாவின் பாரம்பரிய மது' என்று அறிவித்தது. 2021-ல் ஃபெனிக்கெனத் தனிக் கொள்கையும் வெளியிடப்பட்டது. ஃபெனி தயாரிப்பைக் காட்டி, சுவைக்கக் கொடுக்கும் சுற்றுலாக்கள் நடக்கின்றன.

இவை அனைத்தும் பானத்துக்கும் அதை விற்பனைப் பொருளாக்கும் தொழிலுக்கும் துணை நிற்பவை. அந்தப் பானம் தலைமுறை தலைமுறையாக அருந்தப்பட்ட இடத்துக்கு எந்தப் பட்டியலிலும் தனி இடம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு மட்டுமே தாவெர்னாவின் எதிரி என்றும் சொல்ல முடியாது. நில விலை உயர்வு, சாலை விரிவாக்கம், வெளிநாடு செல்லும் அடுத்த தலைமுறை, விளம்பர பலம் கொண்ட பிற மதுவகைகள் என நெருக்கடிகள் பல. ஆயினும் சந்தை ஏற்கெனவே நசுக்கிக்கொண்டிருந்த ஒன்றை, பாகுபாடு பார்க்காத ஒரு விதியும் சேர்ந்து அழுத்தியது என்பதே உண்மை.

தாவெர்னாவைக் கவித்துவமாக உயர்த்திப் பேசுவதிலும் அபாயம் உண்டு. குடியால் குலைந்த குடும்பங்கள் கோவாவிலும் உள்ளன. அமைதியான கிராமக் கடையிலிருந்து எழுந்து சென்று மோட்டார் சைக்கிளை எடுப்பவரும் விபத்தில் சிக்கவே செய்கிறார். எனவே பழமை என்பது தவறுக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது.

ஆனால், மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவதைத் தடுக்கும் வழி, ஓட்டுநரைச் சோதிப்பதும் தண்டிப்பதும்தான். அதைச் சாலைதோறும் ஒழுங்காகச் செய்ய இயலாத அரசுகள், கடைக்கும் சாலைக்கும் இடையில் நாடா பிடித்து அளப்பதை எளிதான மாற்றாக எடுத்துக்கொண்டன. பிறகு அந்த அளவையும் பெயர் மாற்றத்தால் வளைத்தன. வளைக்கும் வலிமை இருந்தவர்கள் தப்பித்தார்கள்.

இப்போது முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலங்களின் கையில் உள்ளது. கடையின் உரிமம் எந்த ஆண்டு வழங்கப்பட்டது, அதன் வாசலில் செல்லும் சாலை எந்த ஆண்டு நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டது, வாகனம் நிறுத்த இடம் உள்ளதா, வருபவர்கள் பெரும்பாலும் நடந்து வருபவர்களா என்பன போன்ற கேள்விகளை உரிமப் புதுப்பிப்பின்போது எழுப்பினாலே, ஊர்க் கடை எது, வாகனங்களை நம்பிய கடை எது என்பது விளங்கிவிடும். உரிமம், சாலை இரண்டின் ஆண்டுகளும் அரசின் கோப்புகளிலேயே உள்ளன. இரு கோப்புகளையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.