கரப்பானுக்குப் பின்னால் ஒரு தீநுண்மி

நாமக்கல் வட்டாரத்துக் குஞ்சு பொரிப்பகங்களில், பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சின் கழுத்துத் தோலுக்கடியில் ஓர் ஊசி போடப்படுகிறது. மாரெக் நோய் எனும் புற்றுநோயை உண்டாக்கும் தீநுண்மிக்கு எதிரான தடுப்பூசி அது. 1970 வாக்கில் புழக்கத்துக்கு வந்த இந்த ஊசிதான் புற்றுநோயைத் தடுக்க உலகில் பரவலாகப் பயன்பட்ட முதல் தடுப்பூசி. மனிதனுக்கு அத்தகைய பாதுகாப்பு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பே மேலிடுகிறது.

கோழிகளுக்கு இன்னொரு தீநுண்மியும் உண்டு. ரத்தப் புற்றுநோயைத் தீநுண்மி உண்டாக்கக்கூடும் என்பதை 1908-இல் டென்மார்க்கின் எல்லர்மன், பாங் இருவரும் கோழிகளில்தான் முதன்முதலில் காட்டினர். ரத்தப் புற்றுநோயைப் புற்றுநோயாகவே அன்றைய மருத்துவ உலகம் கருதாததால், அந்தக் கண்டுபிடிப்பு உரிய கவனம் பெறவில்லை. இத்தீநுண்மி தாய்க்கோழியிடமிருந்து முட்டையின் வெள்ளைக்கரு வழியாகக் குஞ்சுக்குச் செல்கிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. தாய்க்கோழிகளைச் சோதித்து, தொற்றுள்ளவற்றை விலக்குவதே இனப்பெருக்கப் பண்ணைகளின் வழி. (முட்டை உண்பவருக்கு இந்நோய்கள் தொற்றுவதில்லை, வதந்திக்கு இரையாகிப் பழகிய ஊர் என்பதால் இதைச் சொல்லிவிடுவது நல்லது.)

தாயிடமிருந்து சேய்க்கு ஓசையின்றிச் செல்லும் இதே குணம், மனிதரைத் தாக்கும் இதன் உறவினரிடமும் உண்டு. எச்.டி.எல்.வி.-1 என்பது அதன் பெயர். 1977-இல் ஜப்பானிய மருத்துவர்கள் பெரியவர்களிடம் ஒரு தனி வகை ரத்தப் புற்றுநோயை இனங்கண்டனர். 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக் குழு இத்தீநுண்மியைப் பிரித்தெடுத்தது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.யும் இதே குடும்பம்தான். ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி-அணுக்களையே இரண்டும் பற்றுகின்றன. எச்.ஐ.வி. அவற்றை அழிக்கிறது, இதுவோ அவற்றைப் பெருகத் தூண்டுகிறது. தொற்றுள்ள நூறு பேரில் 3 முதல் 5 பேருக்கே புற்றுநோய் வருகிறது. அதுவும் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து, குழந்தைப் பருவத்தில் தொற்று பெற்றவர்களுக்கு.

அந்த நீண்ட மௌனத்தின் நடுவே சில குழந்தைகளின் தோல் மட்டும் பேசிவிடுகிறது. 1966-இல் ஜமைக்காவில், ஒரு விநோதக் கரப்பானுடன் வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர். அது இத்தீநுண்மியின் வேலை என்பது 1990-இல்தான் தெரிந்தது. உச்சந்தலை, காது, காதின் பின்புறம், இமையோரம், மூக்கைச் சுற்றிய பகுதி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நீர் கசிந்து பொருக்குத் தட்டும். மூக்கிலிருந்து நீர் வடிந்தபடியே இருக்கும். துவாரங்களின் ஓரம் பொருக்கு படியும். வழக்கமான ஒவ்வாமைக் கரப்பான் பிறந்த சில மாதங்களிலேயே தலைகாட்டிக் கடும் அரிப்பைத் தரும். இதுவோ பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பின் தொடங்குகிறது. அரிப்பும் அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை.

புண்ணைச் சுரண்டிச் சோதித்தால் கிடைப்பவை நாம் நன்கறிந்த பாக்டீரியாக்களான ஸ்டெஃபைலோகாக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும்தான். ஏமாற்றம் இங்கேதான் நேர்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால் குழந்தை வியக்கத்தக்க வேகத்தில் தேறும். மருந்தை நிறுத்தினால் சில நாள்களில் புண் திரும்பிவிடும். தீநுண்மி டி-அணுக்களின் மரபணுவுக்குள் புகுந்து, அந்த அணு பிளவுபடும்போதெல்லாம் தானும் பெருகுகிறது. ஒரு பக்கம் எதிர்ப்பாற்றல் மிகையாகக் கொதிக்கிறது. மறுபக்கம் சாதாரண பாக்டீரியாவை அடக்கவும் வலுவின்றித் தளர்கிறது. இக்குழந்தைகளின் ரத்தத்தில் தீநுண்மி ஏறிய அணுக்கள் ஏராளம். பிரேசிலின் பாஹியா பகுதியில், இத்தோல் நோய் கண்ட சில குழந்தைகளுக்கு இளவயதிலேயே கால்களை முடக்கும் தண்டுவட நோயும் வந்திருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதைச் சொல்ல வேண்டிய தேவை என்ன? தென்னிந்தியாவில் இத்தொற்று அரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெயிலும் வியர்வையும் மிகுந்த இப்பகுதியில் தலைப்புண்ணும் சிரங்கும் எங்கும் காணப்படுபவை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். பிறகு மருந்துக்கடையில் ஒரு களிம்பு, மூன்று நாள் மாத்திரை. நான்காம் முறை திரும்பி வரும் புண்ணுக்கும் அதே மூன்று நாள் மாத்திரைதான். பொதுவானவற்றின் கூட்டத்தில் அரியது எளிதில் மறைந்துவிடும். எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கச் சொல்வது வீண் செலவு. இரண்டு வயதையொட்டித் தொடங்கி, மூக்கோரப் பொருக்குடன், மருந்தை நிறுத்தியதும் மீளும் கரப்பானுக்கு மட்டும் இந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்பதே பொருத்தம் என்பேன். சேலத்திலும், 2022 முதல் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கும்போது, மாதிரியை எடுத்து உரிய ஆய்வகத்துக்கு அனுப்புவது பெரும்பாடல்ல.

குழந்தைக்குத் தொற்று உறுதியானால் தாயையும் சோதிக்க வேண்டும். இது முக்கியமாகத் தாய்ப்பாலில் பரவுகிறது. தொற்றுள்ள தாயர் நீண்ட காலம் பாலூட்டினால் நூற்றுக்கு ஏறத்தாழ 20 குழந்தைகளுக்குத் தொற்றும். புட்டிப்பாலுக்கு மாறினால் அது மூன்றளவுக்குக் குறையும். ஜப்பானின் நாகசாகி 1987-இல் தொடங்கிய கருவுற்றோர் பரிசோதனைத் திட்டம் இக்கணக்கின் மேல் நின்றது. அதை இங்கே அப்படியே நகலெடுப்பது ஆபத்து. தூய நீர் கிடைக்காத வீட்டில் புட்டிப்பால் தரும் வயிற்றுப்போக்கு, பல பத்தாண்டுகள் கழித்து வரக்கூடிய நோயைவிட உடனடியாக உயிரைப் பறிக்கும். தொற்று உறுதியாகாத எந்தத் தாயும் இதைப் படித்துவிட்டுப் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. உறுதியான தாயர், அடுத்த குழந்தைக்கு எவ்வளவு காலம் பாலூட்டலாம் என்பதை மருத்துவருடன் பேசி முடிவெடுக்கலாம்.

நம் ரத்த வங்கிகளின் கட்டாயப் பரிசோதனைகளில் எச்.ஐ.வி., இரு வகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகியவை உண்டு, இது இல்லை. தீநுண்மி வெள்ளையணுக்களுக்குள்ளேயே வாழ்வதால், ஏற்றும் ரத்தத்திலிருந்து அவற்றை வடிகட்டினாலே அபாயம் பெருமளவு குறையும். தொற்று கண்ட குழந்தையின் தோல் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தானே தெளிந்துவிடும். அதன் பிறகும் அவ்வப்போது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். நடையில் தளர்ச்சியோ சிறுநீர் கழிப்பதில் சிரமமோ தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.