நீலப் பல்லும் நீண்ட சொற்களும்



கைத்தொலைபேசியில் "புளூடூத்" என்ற சொல்லை நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஆங்கிலத்தில் 'புளூ' என்றால் நீலம், 'டூத்' என்றால் பல். கம்பியின்றிக் கருவிகளை இணைக்கும் வசதிக்கும் நீலப் பல்லுக்கும் என்ன உறவு? விடை நாம் குடியேறியுள்ள இந்த நாட்டிலேயே இருக்கின்றது.

பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர் 'புளோடான்'. டெனிஷ் மொழியில் 'புளோ' நீலம், 'டான்' பல். முற்காலத்தில் 'புளோ' கருமையையும் குறித்தது. நாமும் கார்மேகத்தை நீலமேகம் என்கின்றோம் அல்லவா? மன்னரின் பல்லொன்று கறுத்திருந்ததால் இப்பெயர் வந்தது என்பர்.

வைலே நகருக்கு அருகே யெலிங் தேவாலய முற்றத்தில், தம் பெற்றோர் நினைவாக அவர் நாட்டிய கல் இன்றும் நிற்கின்றது. டென்மார்க் முழுவதையும் நோர்வேயையும் தாம் வென்றதாக அதில் பொறித்துள்ளார். 1994இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

1997இல் இன்ரெல் நிறுவனப் பொறியியலாளர் ஜிம் கார்டாக், இந்தப் பெயரை ஆங்கிலமாக்கி முன்மொழிந்தார். ஹரால்ட் மக்களை ஒன்றிணைத்தது போல இத்தொழில்நுட்பம் கணினியையும் தொலைபேசியையும் இணைக்கும் என்பது அவர் எண்ணம். தற்காலிகமாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அதன் சின்னமும் ஹரால்ட், புளோடான் ஆகிய பெயர்களின் முதலெழுத்துக்களைப் பழைய ரூன் எழுத்தில் பிணைத்ததே.

'நீலப்பல்' என்பது இங்கு பல்லையல்ல, அதை உடைய மனிதரைக் குறிக்கின்றது. "பொற்றொடி வந்தாள்" என்று நாம் படித்த அன்மொழித்தொகைதான் இது!

இங்கு வந்த புதிதில் கடிதங்களிலுள்ள நீண்ட டெனிஷ் சொற்கள் எம்மை மலைக்க வைத்தன. வைத்தியரிடம் செல்லவும் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மறித்து மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் சென்றோம். தாயின் நோயைப் பிள்ளையின் வாயால் சொல்ல வைத்த அந்த வேதனையை நாம் மறக்கவில்லை.

பின்னரே சூட்சுமம் புரிந்தது. 'டான்' பல், 'லேய' வைத்தியர். சேர்த்தால் 'டான்லேய', பல் வைத்தியர். 'சூய' நோயுற்ற, 'ஹூஸ்' வீடு. சேர்த்தால் 'சூயஹூஸ்', வைத்தியசாலை.

அடுத்த கடிதம் வரும்போது உடனே பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பென்சிலை எடுத்து, நீண்ட சொல்லின் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பாதிச் சொல் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததாக இருக்கும்.