முழுவேகக் குமித்தே (கராத்தே மோதல்) எத்தனை நாளுக்கு ஒருமுறை?

கியோகுஷின் கராத்தேயில் முகத்தில் குத்தக் கூடாது. இந்த ஒரு விதியை நம்பித்தான் பல பெற்றோர் 'தலைக்கு ஆபத்தில்லை' என்று பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் பெரியவர்கள் போட்டியில் தலைக்கு உதை விடலாம். மார்பிலும் வயிற்றிலும் வெறுங்கையால் குத்தலாம், தொடையில் ஓங்கி உதைக்கலாம். மாஸ் ஓயாமா வளர்த்த பாணி இது. வருடத்தில் சில நாள் போட்டியில் வாங்கும் இந்த அடியை வாரத்தில் மூன்று நாள் கிளாஸிலேயே வாங்கினால் உடம்பு தாங்காது.

இத்தனை முறைதான் என்று சட்டம் எதுவும் வகுக்கவில்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நான்கு மாதம் முழுவேக ஃபைட்டில் இறக்கவே கூடாது. அதன்பின் வாரம் ஒன்றிரண்டு நாள் பாதி வேகத்தில் மோதலாம். முழுவேகம் மாதத்துக்கு ஒருமுறை போதும். போட்டி நெருங்கும்போது இரண்டு முறை. அடிக்கடி மேடையேறும் தாய்லாந்து முவே தாய் வீரர்கள்கூடப் பயிற்சியில் விளையாட்டுப் போலத்தான் மோதிக்கொள்கிறார்கள். அடி வாங்கி வாங்கி மூளை உரமேறாது.

ஹெல்மெட் போட்டால் போதாதா என்பார்கள். வெட்டுக்காயத்தை அது குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தவறு. பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, சொன்னதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாத எரிச்சல்: இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குப் பயிற்சியை அத்தோடு நிறுத்த வேண்டும். சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தாலும் மூளை அதிர்ச்சி இல்லை என்று ஆகிவிடாது. முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி, குறிப்பாகச் சிறுவர்களுக்கு, உயிரையே பறிக்கக்கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தூக்கக் கலக்கம் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். மற்றபடி, அறிகுறிகள் முழுவதும் நீங்கி மருத்துவர் சம்மதித்த பிறகே மறுபடி மோதலாம்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தொடையில் ஆழமாக ரத்தம் கட்டினால் எண்ணெய் போட்டு உருவி விடுகிறோம். அப்படிச் செய்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடும்; தசைக்குள் எலும்பு போலக் கட்டி வளரவும் வாய்ப்புண்டு. முதல் சில நாள் ஐஸ் ஒத்தடமும் ஓய்வும்தான் வேண்டும்.

சரி, அடிபட்டால் யார் பொறுப்பு? தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 25ஆம் பிரிவு, இருவர் பொழுதுபோக்குக்காக வாள்வீச்சு ஆடுவதையே உதாரணமாகக் காட்டுகிறது: சம்மதத்தோடு, முறைகேடு இல்லாமல் ஆடும்போது பட்ட காயம் குற்றமாகாது. அந்தச் சம்மதம் 18 வயதைக் கடந்தவருடையதாக இருக்க வேண்டும். மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று தெரிந்தே அடித்தவருக்கு இந்தப் பிரிவு துணைக்கு வராது. கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிப்பதை 125ஆம் பிரிவு தனிக் குற்றமாக்குகிறது. எனவே, 'காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற தாளில் அப்பா கையெழுத்துப் போட்டதாலேயே, 60 கிலோ பையனை 35 கிலோ பையனோடு மோதவிட்ட மாஸ்டர் தப்பித்துவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை.

'இன்று ஃபைட் வேண்டாம் மாஸ்டர்' என்று சொல்ல மாணவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக பெல்ட் டெஸ்டில் நிறுத்திவைக்கும் கிளாஸை விட்டு விலகிவிடுங்கள். பணம் கட்டிப் படிப்பவர், சேவையில் குறை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கெடு இரண்டு ஆண்டு. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். கட்டண ரசீது, கிளாஸ் வாட்ஸ்அப் தகவல்கள், அடிபட்ட அன்றே மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, உடனிருந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை அன்றைக்கே எடுத்து வையுங்கள்.