இளைஞரின் இரகசியம் ஓர் அமானிதம்



"மகன் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. அஹதிய்யா ஆசிரியரிடம் மட்டும் எல்லாம் சொல்கிறான். அப்படி என்னதான் சொல்கிறான்?" கண்டியிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தாய்மார் கேட்கும் கேள்வி இது. கவலை நியாயமானதே. ஆயினும் ஒரு தாயின் முன்மாதிரியைச் சற்றுப் பாருங்கள்.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக, மற்றச் சிறுவர்களுடன் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அங்கு வந்த நபி (ஸல்) அவர்கள் சிறுவர்களுக்கு ஸலாம் கூறி, அனஸை ஓர் அலுவலாக அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. காரணம் கேட்ட தாய் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களிடம், அது இரகசியம் என்றார் மகன். தாய் கோபிக்கவில்லை, துருவவுமில்லை. அதை எவரிடமும் சொல்லிவிடாதே என்றே புத்தி கூறினார்கள். நீண்ட காலத்தின் பின், தம் மாணவர் தாபித்திடம்கூட அனஸ் (ரலி) அதை வெளியிடவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான சம்பவம் இது.

இளைஞர் பணியின் அடிப்படை முழுவதும் இதில் இருக்கிறது. பெரியவரே முந்திச் சொல்லும் ஸலாம். சிறுவனை நம்பி ஒப்படைக்கும் பொறுப்பு. காக்கப்படும் இரகசியம்.

அஹதிய்யா ஆசிரியராயினும், பிரதேச செயலகத்தின் இளைஞர் சேவை உத்தியோகத்தராயினும், ஒரு வாலிபன் சொன்னதைப் பள்ளிவாசல் வாசலில் கதையாக்கினால் அன்றோடு அவன் வாய் மூடிவிடும். பயானில் "ஒரு பையன்" என்று ஜாடையாகச் சொன்னாலும் சிறிய ஊர் கண்டுபிடித்துவிடும்.

இந்த நம்பிக்கையின் பெறுமதி ஆபத்து நாளில்தான் தெரியும். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. வாலிபர் நெஞ்சில் எழும் அச்சத்தையும் கோபத்தையும் அப்படி முடக்க முடியுமா? அத்தகைய நாளில், "தம்பி, வீட்டுக்குப் போங்க" என்ற ஒருவரின் சொல்லுக்கு வாலிபன் கட்டுப்பட வேண்டுமானால், அந்த உறவு விளையாட்டு மைதானத்திலும் வகுப்பிலும் முன்னரே வளர்ந்திருக்க வேண்டும்.

எல்லா இரகசியத்தையும் மறைக்கலாமா? கூடாது. உயிருக்கு ஆபத்து, துஷ்பிரயோகம், பிறருக்குத் தீங்கு என்றால் உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். இந்த எல்லையை முதல் நாளே இளைஞனுக்கு விளக்கிவிட வேண்டும். சொல்ல நேரும்போதும் இயன்றவரை அவனுக்கு அறிவித்த பின்னரே சொல்ல வேண்டும். மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் ஆலோசனைக்கு 1927, சிறுவர் பாதுகாப்புக்கு 1929 ஆகிய இலக்கங்களை வீட்டில் எழுதி வையுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கும் பொறுப்புண்டு. ஆசிரியரை உளவாளி ஆக்காதீர்கள். "என் மகன் பாதுகாப்பாக இருக்கிறானா?" என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சந்திப்பு மூடிய அறையில் அன்றி, பிறர் பார்வை படும் இடத்தில் நடக்கிறதா என்று கவனியுங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியையே பொருத்தம். மகன் தவறொன்றைச் சொல்ல வந்தால் முதலில் ஏசாமல் முழுவதையும் கேளுங்கள். இன்று கேட்கும் உம்மாவிடமே நாளையும் வருவான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.