புது வண்டியில் புரியாத சத்தம்

புது மோட்டார் சைக்கிள் வந்த வீட்டில் முதல் வாரம் மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம் என்று கழிந்துவிடுகிறது. இரண்டாவது வாரத்தில்தான் வாங்கியவருக்குக் காது கூர்மையாகிறது. "இந்தச் சத்தம் நேற்று இருந்ததா?" என்று கேட்க ஆரம்பிக்கிறார். அன்று முதல் அவருக்கு நிம்மதி கிடையாது.

என் அக்காள் மகனுக்கு இந்த அனுபவம் வாய்த்தது. பெங்களூர் பீனியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். பல ஆண்டுகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தவன், கடன் போட்டு 150 ஸி.ஸி. வண்டி ஒன்றை வாங்கினான். மாதத் தவணை அவன் சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு. சுமார் 400 கிலோமீட்டர் ஓடியபின், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் "கரகர" என்று ஒரு சத்தம். பத்துப் பதினைந்து விநாடியில் அடங்கிவிடும். பகலெல்லாம் வண்டி சாதுவாக ஓடும். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கரகரப்பு.

வண்டி வாங்கிய இடத்தின் சர்வீஸ் நிலையத்துக்குப் போனான். வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடாகிவிட்டது, சத்தம் இல்லை. "ஏனூ இல்லா ஸார், நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை போனபோது, புது என்ஜின் 'செட்' ஆக 2,000 கிலோமீட்டர் ஆகும் என்று பதில் கிடைத்தது. இரண்டு முறையும் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்று மட்டுமே எழுதியிருந்தது. சத்தம் என்ற சொல்லே அதில் இல்லை. பின்னால் வரும் தகராறுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுகிறது.

சர்வீஸ்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்துப் புகாரில் பலவும் வெறும் பயம்தான். 2020 ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 புகை விதிகள் வந்தபின், கார்புரேட்டர் பெரும்பாலும் போய் பியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று கேட்பது பெட்ரோல் பம்ப். என்ஜின் ஓடும்போது மெல்லிய 'டிக் டிக்' கேட்டால் அது இன்ஜெக்டராக இருக்கலாம். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள சில வண்டிகள், நகர ஆரம்பித்ததும் 'கிளிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தியபின் சைலன்ஸர் பக்கம் 'டிங் டிங்' என்பது, சூட்டில் விரிந்த உலோகம் ஆறிச் சுருங்கும் ஓசை. இவற்றுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வேறு சில சத்தங்கள் என்ஜினிலிருந்து வருவதே இல்லை. நம்பர் பிளேட் திருகு தளர்ந்திருக்கும். சைலன்ஸரின் தகட்டு மூடி ஆடிக்கொண்டிருக்கும். செயின் தொய்ந்து உறையில் அடிக்கும். என் மருமகப்பிள்ளை வண்டியிலேயே முதலில் அகப்பட்டது நம்பர் பிளேட்தான். அதை முடுக்கியதும் பாதி சத்தம் போய்விட்டது என்று குதித்தான். காலைக் கரகரப்பு மட்டும் போகவில்லை.

கடைசியில் அல்சூர்ப் பக்கம் மரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் அவனை அழைத்துப் போனேன். எஸ்டி வண்டிகளில் தொழில் பழகியவர். மைசூரில் 1961 முதல் 1996 வரை நடந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் வண்டிகள் இந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. அவை டூ ஸ்ட்ரோக்; வால்வும் கிடையாது, டாப்பெட்டும் கிடையாது. அதனால் அந்தக் காலத்து எஸ்டிக்காரர்கள் புல்லட்டின் டாப்பெட் ஓசையைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். புல்லட்காரர்களோ ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைக் கழற்றி, புஷ் ராடை விரலால் சுற்றிப் பார்த்து, தாங்களே இடைவெளியைச் சரிசெய்து கொள்வார்கள். இன்றைய வண்டியில் அந்தச் சுதந்திரம் குறைந்துவிட்டது.

பெரியவர் சொன்ன ஒரு விஷயம் பலருக்குத் தெரியாதது. "டாப்பெட் கொஞ்சம் சத்தம் போட்டா பயம் இல்லை தம்பி. சத்தமே போடாம இறுகிப் போனாத்தான் ஆபத்து." இடைவெளி போதாவிட்டால், சூட்டில் விரிந்த வால்வு முழுவதும் மூடாது, எரியும் வாயு அதன் விளிம்பைக் கருக்கிவிடும். வண்டியை அமைதியாக்குகிறேன் என்று டாப்பெட்டை இறுக்கிக் கொடுப்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சத்தத்தை அமுக்க கனமான ஆயில் ஊற்றுவதும் இதே ரகம்தான். கையேட்டில் எந்த கிரேடு போட்டிருக்கிறதோ அதுவே வண்டிக்கு உரியது.

வண்டி இரவு முழுவதும் அவர் பட்டறையிலேயே நின்றது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு நாங்கள் போனோம். ஆயில் அளவை முன்பே பார்த்து வைத்திருந்தார். அதைச் சமதரையில், வண்டியை நேராக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். ஆயில் குறைந்து அதனால் எழும் சத்தத்துக்கு என்ஜினையே பிரித்துப் போட்ட கதைகளும் உண்டு என்றார். பிறகு ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, நுனியை என்ஜின்மேல் இடம் மாற்றி மாற்றி வைத்தார். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பது போலத்தான். (வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஓடும் செயின், கொதிக்கும் சைலன்ஸர் அருகே போகக் கூடாது.)

வண்டியை ஸ்டார்ட் செய்தான் பையன். சிலிண்டர் தலைமேல் வைத்தபோது ஒன்றும் இல்லை என்று தலையசைத்தார். சிலிண்டரின் பின்புறம், டைமிங் செயின் டென்ஷனர் இருக்கும் இடத்தில் வைத்ததும் பையனைக் கூப்பிட்டு அவன் காதில் பிடியை வைத்தார். "மாமா, கேக்குது!" என்று கத்தினான் அவன்.

கிராங்கிலிருந்து கேம் ஷாப்டைச் சுழற்றுவது டைமிங் செயின். அது தொய்யாமல் எப்போதும் பிடித்து வைப்பது டென்ஷனர். அது சிக்கிக்கொண்டால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தவுடன் செயின் தொய்ந்து பக்கத்தில் உரசும். நாளடைவில் செயினின் வழிகாட்டிப் பட்டைகள் தேயும். இன்னும் மோசமானால் செயின் பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் போய் இடிக்கவும் கூடும். புது வண்டியில் மாற்ற வேண்டியது ஒரு சின்னப் பாகம். அலட்சியம் செய்தால் செலவு என்ஜின் வரை போகும்.

"நீங்களே மாத்திடுங்கண்ணே" என்றான் பையன். பெரியவர் மறுத்துவிட்டார். "நான் கை வெச்சா உன் வாரண்டி போயிடும். அவங்ககிட்டயே போ. ஆனா வாயால சொல்லாதே, எழுத வை." வாங்கிக்கொண்டது ஒரு டீ.

இதைவிட அவசரமான சத்தங்களும் உண்டு. என்ஜின் அடிவயிற்றிலிருந்து சுத்தியல் போல 'தொப் தொப்' என்று கேட்டு, ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் அதிகமாகிறதா? கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அந்த இடத்திலேயே நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவதே மேல். ஆயில் விளக்கு எரிந்தாலும் அப்படியே. சத்தத்தோடு சக்தி குறைந்தாலும், புகை வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பையன் செய்தது இதுதான். மூன்று நாள் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே, டெலிபோனில் சத்தத்தைப் பதிவு செய்தான். ஓடிய கிலோமீட்டரையும் அதிலேயே படம் பிடித்தான். சர்வீஸ் நிலையத்தில், "காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பத்து விநாடி கரகரப்பு" என்று ஜாப் கார்டில் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றான். வண்டியை இரவு அங்கேயே விட்டு, மறுநாள் மெக்கானிக் முன்னிலையில் தானே ஸ்டார்ட் செய்து காட்டினான். யாரும் "நார்மல்" என்று சொல்லவில்லை. நான்கு நாளில் புது டென்ஷனர் வந்தது, காசு வாங்கவில்லை. அவனுக்கு இரண்டு நாள் கூலி நஷ்டம். அதை யாரும் கொடுக்கப் போவதில்லை.

முதல் சர்வீஸைத் தவறவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புது என்ஜினில் தேய்ந்த உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலோடுதான் வெளியேறுகின்றன. அதைச் செய்யாதவருக்கு வாரண்டி மறுக்க நல்ல சாக்கும் கிடைத்துவிடுகிறது.

எழுதிக் கொடுத்தும் கேட்காவிட்டால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். நம்மவர்களில் பலர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திருவண்ணாமலையிலோ வேலூரிலோ வண்டி வாங்கி வருகிறார்கள். புகாருக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்று இந்தச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்படியாக 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம். அங்கே தமிழிலும் புகார் சொல்லலாம்.